கிளாரினெட்டை வைத்துவிட்டுப் பசூனைத் தூக்கும்போது

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி பேண்டுகளில் பசூன் (தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய மரக் காற்றுக் கருவி) நாற்காலி காலியாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். உயர்நிலை நான்கில் இருக்கும் சீனியர் தேர்வுக்காக விலகுவார். அவருக்குப் பின்னால் ஆள் இருக்காது. கிளாரினெட் வரிசையிலோ பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பேண்டை நடத்தும் கண்டக்டரின் கண் அங்கேதான் போகும். நோட்டு படிக்கத் தெரிந்த, விரல் கொஞ்சம் நீளமான, சொன்னால் கேட்கிற ஒரு பிள்ளையின் கையில் பெரிய பெட்டி ஒன்று வந்து சேரும்.

அந்தப் பிள்ளைக்கும், வீட்டில் திடீரென்று வாத்துக் கத்துவது போன்ற சத்தம் கேட்கப் போகும் பெற்றோருக்கும், செக்‌ஷனலில் (ஒரே வகைக் கருவிக்காரர்கள் மட்டும் கூடும் பயிற்சியில்) இதைச் சொல்லித்தர வேண்டிய சீனியர்களுக்கும்தான் இந்தப் பதிவு. மாறுவதற்கு நல்ல நேரம் நவம்பர், டிசம்பர் விடுமுறை. எஸ்ஒய்எஃப் (சிங்கப்பூர் இளையர் விழா) மேடைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மாற்றினால், புதுப் பசூன் பிள்ளை அந்த மேடையில் பெரும்பாலும் வாசிப்பதுபோல் பாவனைதான் செய்யும்.

எல்லோரும் முதலில் பயப்படுவது கீகளை, அதாவது விரலால் அழுத்தி ஓட்டைகளைத் திறந்து மூடும் உலோகப் பிடிகளைப் பார்த்து. இடக்கைக் கட்டைவிரலுக்கு மட்டுமே எட்டு ஒன்பது கீகள் காத்திருக்கும். ஆனால் கிளாரினெட்டிலிருந்து வருகிறவருக்கு விரல் இரண்டாம் பட்சம். அவரைப் படுத்துவது தாடை. கிளாரினெட் இரண்டு மூன்று வருடமாக அந்தத் தாடைக்கு இறுக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பசூனில் அதைக் கழற்ற வேண்டும். முதல் ஒரு மாத உழைப்பில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

நாகஸ்வரம் பார்த்தவர்களுக்கு ஒரு வசதி

பசூனின் ரீட் (ஊதும்போது அதிர்ந்து ஒலியெழுப்பும் தட்டை) இரட்டை ரீட். கிளாரினெட்டைப் போல ஒற்றைத் தட்டையை மவுத்பீஸில் கட்டுவது கிடையாது. இரண்டு தட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி, நடுவில் சிறு வாய் திறந்திருக்கும். நாகஸ்வரச் சீவாளியின் தத்துவமேதான். சீவாளியைக் கெண்டையில் செருகிக் கெண்டையை உலவில் செருகுவது போல, இங்கே ரீட்டைப் போக்கல் என்ற வளைந்த உலோகக் குழாயில் செருகி, போக்கலைக் கருவியில் செருகுகிறோம். உறவு இன்னொன்றும் உண்டு. இரண்டின் உட்குழலும் கூம்பு வடிவம். கூம்புக் குழல் மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது சரியாக ஓர் ஆக்டேவ் தாவும். கிளாரினெட்டின் உட்குழல் பெரும்பகுதி நேர் உருளை என்பதால் அது பன்னிரண்டாம் ஸ்வரத்துக்குத் தாவுகிறது. கீழே சி வாசித்த அதே விரல்களோடு ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் கிளாரினெட்டில் ஜி வரும். பசூனில் கீழே ஏ என்றால் மேலேயும் ஏ. கணக்கு எளிது.

ரீட் முதலில், கருவி பிறகு

வாயில் வைத்து நனைப்பது போதாது. சிறு டப்பா ஒன்றில் தண்ணீர் எடுத்து, ரீட்டை முழுதாக, அதைச் சுற்றிக் கட்டிய கம்பிகளும் முங்கும்படி, இரண்டு மூன்று நிமிடம் போடுங்கள். நுனியை மட்டும் நனைத்தால் கீழ்ப்பகுதி காய்ந்தே கிடக்கும். கம்பி தளர்ந்து ஆடும், காற்றும் பக்கவாட்டில் கசியும். பத்து நிமிடம் ஊறவிட்டால் நுனி வாய் பிளந்துகொண்டு ஊதவே முடியாமல் அடம்பிடிக்கும். எடுத்து உதறி, அடிப்பக்கத்திலிருந்து ஒரு முறை ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நுனியைப் பாருங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் திறந்திருந்தால் நல்லது. மூடிக் கிடந்தால் முதல் கம்பியை (நுனிக்கு மிக அருகில் இருப்பது) இரு பக்கவாட்டிலும் மெல்ல அழுத்துங்கள், திறக்கும். அதிகம் திறந்திருந்தால் அதே கம்பியை மேலும் கீழுமாக அழுத்துங்கள், மூடும். நனைந்த ரீட்டில்தான் இதைச் செய்யலாம். காய்ந்ததில் செய்தால் வெடித்துவிடும்.

அடுத்தது ரீட்டை மட்டும் ஊதிப் பார்க்கும் சோதனை. முதல் கம்பி வரை உதட்டுக்குள் விட்டு, உதட்டால் அழுத்தாமல் காற்றைத் தாராளமாக விடுங்கள். மென்மையாக ஊதும்போது ஒரே ஸ்வரமும், காற்றைக் கூட்டும்போது பல ஸ்வரம் கலந்த கரகரப்பும் வந்தால் ரீட் ஆரோக்கியம். இதைப் பேண்டுக்காரர்கள் க்ரோ என்பார்கள். கீச்சென்ற ஒற்றைச் சத்தம் மட்டும் வந்தால் நுனி மூடியிருக்கிறது, அல்லது நீங்கள் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கிளாரினெட்காரர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கடியைத்தான்.

கிளாரினெட்டில் பிள்ளை இரண்டரை நம்பர் விறைப்புள்ள ரீட் வாசித்தது, இதிலும் இரண்டரை வாங்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. அந்த எண்ணுக்கு இங்கே வேலையில்லை. தொடங்குகிறவருக்கு மீடியம் சாஃப்ட் போதும். ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வாசியுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ரீட்டின் எதிரி பூஞ்சை. கடையில் ரீட்டோடு வரும் பிளாஸ்டிக் குழாயிலேயே மூடி வைத்தால் சில நாளில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். காற்று போய்வரும் ரீட் பெட்டி தேவை. நேர்மாறாக, பேண்டு அறை ஏசியில் நீளமான ரெஸ்ட் வந்தால் நுனி காய்ந்துவிடும். தண்ணீர் டப்பாவை ஸ்டாண்டுக்குக் கீழேயே வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

வாய்

கிளாரினெட்டில் மேல்பல் மவுத்பீஸில் உட்காரும். மோவாய் தட்டையாக இழுபட்டிருக்கும். உதட்டோரங்கள் உறுதியாக நிற்கும். பசூனில் பல் எதையும் தொடாது. "ஓ" என்று சொல்வது போலத் தாடையைக் கீழே விடுங்கள். இரு உதடுகளையும் பல்லுக்கு மேல் மடியுங்கள், கீழுதட்டைக் கொஞ்சம் அதிகமாக. கீழ்த்தாடை சற்றுப் பின்வாங்கட்டும், லேசான எத்துப்பல் வைத்தவர் போல. இப்போது ரீட்டை உள்ளே விடுங்கள். மேலுதடு முதல் கம்பியை ஏறக்குறையத் தொடும் அளவுக்குப் போக வேண்டும். கீழுதடு அதைவிட நுனிக்கு அருகில் நிற்கும். பிறகு உதட்டைச் சுற்றிலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுருக்குப்பையின் வாய் சுருங்குவது போல. மேலிருந்து கீழாக அமுக்கினால் அது கடி. சுற்றிலும் சேர்த்தால் அது பிடி.

சரியாக வந்ததா என்று கண்டுபிடிக்கப் போக்கலும் ட்யூனரும் போதும். போக்கலில் ரீட்டைச் செருகி, கருவி இல்லாமல் ஊதுங்கள். ட்யூனர் சி அல்லது அதை ஒட்டிக் காட்ட வேண்டும். டி பக்கம் ஏறினால் தாடை இறுகியிருக்கிறது. அங்கிருந்து காற்றைக் குறைக்காமல், தாடையை மட்டும் இறக்கி ஸ்வரத்தை ஒரு முழு ஸ்வரம் கீழே வழியவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், ஒரு வாரம். இந்தப் பயிற்சி வெளியே கேட்க அசிங்கமாக இருக்கும். அதனாலேயே பிள்ளைகள் இதைத் தவிர்த்துவிட்டு நேரே பாட்டுக்குப் போவார்கள், மூன்று மாதம் கழித்துக் கீழ் ஸ்வரம் வரவில்லை என்று திரும்பி வருவார்கள்.

நாக்கும் மாற வேண்டும். கிளாரினெட்டில் நாக்கின் நடுப்பகுதி "ஈ" சொல்வது போல மேலே நின்று காற்றை வேகப்படுத்தும். பசூனில் அது தாழ்ந்து "ஓ" நிலைக்கு வரும். ஸ்வரத்தைத் தொடங்கும்போது நாக்கு நுனி கீழ்த்தட்டையின் முனையை லேசாகத் தொட்டு விலகினால் போதும்.

பொருத்துவது, உட்காருவது

பசூன் நின்றால் சுமார் 134 சென்டிமீட்டர். உள்ளே குழல் மடிந்து ஓடுவதால் மொத்த நீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். கருவி சுமார் மூன்று கிலோ. அடியில் இருப்பது பூட். அதில் இரண்டு ஓட்டைகள், உள்ளே கீழே யு வடிவில் இணைந்திருக்கும். சின்ன ஓட்டையில் விங் ஜாயிண்ட், பெரியதில் லாங் ஜாயிண்ட், அதன் தலையில் பெல். பெல்லை மாட்டும்போது அதன் பேட் (ஓட்டையை மூடும் மெத்தை) மூடும்படி கீயை அழுத்திப் பிடிக்காவிட்டால் இணைப்புக் கம்பி வளையும். போக்கலைக் கடைசியில், கார்க்குக்குப் பக்கத்தில் பிடித்துச் செருகுங்கள். வளைவைப் பிடித்துத் திருகினால் போக்கல் நெளியும், பள்ளி ஸ்டோரில் நெளிந்த போக்கல்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். போக்கலில் ஊசித்துளை போன்ற ஒரு சின்ன ஓட்டை உண்டு. விஸ்பர் கீயின் (இடக்கைக் கட்டைவிரலால் அழுத்தும் ஒரு கீ) பேட் அதன் மேல் சரியாக உட்காரும்படி திருப்பி வையுங்கள்.

பட்டையைக் கழுத்தில் போடுவதைவிட நாற்காலியில் போடுவதே மேல். சீட் ஸ்ட்ராப் நாற்காலியின் முன்பகுதியில் குறுக்கே கிடக்கும், அதன் மேல் உட்கார வேண்டும். அதன் கொக்கி பூட்டின் அடியில் மாட்டும். கருவி உடம்புக்குக் குறுக்கே சாய்ந்து, பூட் வலது தொடையின் வெளிப்பக்கம் நிற்கும், பெல் இடது தோளுக்கு மேலே போகும். ரீட் தானாக வாய்க்கு வரும்வரை பட்டையை இழுத்துச் சரிசெய்யுங்கள். ரீட்டைத் தேடித் தலை குனிந்தாலோ மோவாய் நிமிர்ந்தாலோ பட்டையின் உயரம் தப்பு. கிளாரினெட் வலக்கைக் கட்டைவிரலில் தொங்கும் கருவி என்பதால், வருகிறவர்கள் இங்கேயும் கையால் எடையைத் தாங்கப் பார்ப்பார்கள். தாங்கும் கை விரலை அசைக்காது. எடை பட்டைக்கு, சமநிலை மட்டும் இடது உள்ளங்கைக்கு.

கை சிறியதென்றால் சிக்கல் வருவது இடக்கை மூன்றாம் விரலில். அந்த ஓட்டை எட்டாவிட்டால் பலவந்தம் வேண்டாம். அந்த ஓட்டைக்குக் கீ வைத்த மாடல்கள் உண்டு, அப்படி ஒன்று ஸ்டோரில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விரல்: எது அதே, எது பொய்

இங்கே கிளாரினெட்காரருக்கு ஒரு பரிசு உண்டு. கிளாரினெட்டின் கீழ் ரெஜிஸ்டரில் இடக்கை முதல் விரல் ஈ, இரண்டு விரல் டி, மூன்று விரல் சி. பசூனிலும் அப்படியே ஈ, டி, சி. வலக்கையில் இரண்டு விரல் சேர்த்தால் ஏ, மூன்று சேர்த்தால் ஜி, சுண்டுவிரலும் சேர்ந்தால் எஃப். இரண்டிலும் ஒன்றே. பெயர் ஒன்றே தவிர, காதில் விழும் ஸ்வரம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பொய் சொல்வது வலக்கை முதல் விரல். கிளாரினெட்டில் அது பி ஃபிளாட், பசூனில் பி நேச்சுரல். பசூனில் பி ஃபிளாட் வேண்டுமானால் ஏ விரலைப் போட்டு, வலக்கைக் கட்டைவிரலால் பி ஃபிளாட் கீயை அழுத்த வேண்டும். பேண்டு இசையோ பி ஃபிளாட்டிலேயே குடியிருக்கிறது. ஆகவே முதல் நாளே கற்க வேண்டியது இந்தக் கட்டைவிரல்.

இன்னொன்று, இதைவிடக் குழப்பமானது, இடக்கைக் கட்டைவிரல். கிளாரினெட்டில் அந்த விரல் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ஒலி மேலே போகும். பசூனில் அதே விரல் விஸ்பர் கீயை அழுத்தியிருக்கும்வரை ஒலி கீழே நிற்கும், விட்டால் மேலே போகும். தலைகீழ். நடு எஃப்புக்கு மேலுள்ள ஜி ஷார்ப் வரை விஸ்பர் கீ அழுத்தியே இருக்க வேண்டும், அதற்கடுத்த ஏயிலிருந்து விடவேண்டும். மிகக் கீழே, லோ ஈயும் அதற்கும் கீழும் போகும்போது, இடக்கட்டைவிரலுக்கு வேறு கீகளில் வேலை வந்துவிடும். அப்போது வலக்கட்டைவிரல் அழுத்தும் வட்டமான ஈ கீயே, ஓர் இணைப்பு வழியாக விஸ்பர் கீயை மூடிக்கொள்கிறது. கீழ் ஸ்வரம் உறுமி, உடைந்து, மேலே எகிறினால் ரீட்டைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கட்டைவிரலைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் விஸ்பர் பேட் ஊசித்துளையை மூடுகிறதா என்று பாருங்கள்.

பேண்டு வார்ம்-அப்பில் முதலில் வரும் பி ஃபிளாட் ஸ்கேலை ஒரே ஓர் ஆக்டேவ் எடுத்துக்கொண்டால் பசூனின் பொறிகள் அத்தனையும் அதில் வரிசையாக வரும். கட்டைவிரலோடு பி ஃபிளாட். சி, டி சுலபம். அடுத்து ஈ ஃபிளாட்: இடக்கை முதல் விரலும் மூன்றாம் விரலும் கீழே, நடுவிரல் மேலே. ஃபோர்க் விரல். இதன் ஒலி கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். தெளிவாக்க வலக்கையில் என்ன சேர்ப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும், ட்யூட்டரிடம் கேட்டு உங்கள் கருவிக்கானதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எஃப்: எல்லா விரலும் மேலே, விஸ்பர் கீ மட்டும். கிளாரினெட்டின் கட்டைவிரல் எஃப்பும் இதே தோற்றம்தான். நோட்டில் பேஸ் கிளெஃபின் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான வரியின் தொடக்கக் குறி) இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடுதான் இந்த எஃப். கிளெஃபே விரல் தூக்கிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

எஃப்பிலிருந்து ஜிக்குப் போவதுதான் கண்டம். ஒரு விரலும் இல்லாத நிலையிலிருந்து ஆறு விரலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும், அதிலும் இடது ஆள்காட்டி விரல் பாதி ஓட்டையை மட்டும் மூட வேண்டும். கிளாரினெட்டில் ஏயிலிருந்து பிக்குப் பாலம் தாண்டியவர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. பாதி ஓட்டைக்கு விரலைத் தூக்கி நகர்த்தாதீர்கள், சறுக்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே தரையை நோக்கி உருட்டுங்கள், கதவுக் கீல் திரும்புவது போல. எஃப் ஷார்ப்புக்குத் திறப்பு கொஞ்சம் பெரிதாக, ஜிக்குப் பாதி, ஜி ஷார்ப்புக்கு அதைவிடச் சிறிதாக. ஜி ஓர் ஆக்டேவ் கீழே விழுந்தால் திறப்பு போதவில்லை. ஒலி நடுங்கிக் காற்றாகப் போனால் திறப்பு அதிகம்.

ஜியைத் தாண்டி ஏ: பாதி ஓட்டையை முழுதாக மூடி, வலக்கை மூன்றாம் விரலைத் தூக்கி, விஸ்பர் கீயை விட வேண்டும். மூன்று காரியம் ஒரே நொடியில். கடைசியாக மேல் பி ஃபிளாட், கீழே வாசித்த அதே விரல்கள், விஸ்பர் மட்டும் இல்லை. இந்த ஏ, பி ஃபிளாட், பி, சி ஆகியவை தொடங்கும்போது 'க்ர்' என்று ஒரு விரிசல் வரும். அதற்கு மருந்து ஃப்ளிக். விஸ்பர் கீக்கு மேலே இருக்கும் கீகளில் ஒன்றை ஸ்வரம் பிறக்கும் கணத்தில் இடக்கட்டைவிரலால் தட்டி விடுவது. ஏக்கு ஒரு கீ, மற்ற மூன்றுக்கும் அதற்கடுத்த கீ. முதல் மாதத்தில் இதைத் திணிக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால், விரிசலை உதட்டால் அமுக்கி மறைக்கும் பழக்கம் வந்துவிடும், பிறகு அதைக் கழற்றத் தனியாக ஒரு பாடு.

காதும் நோட்டும்

கிளாரினெட் பி ஃபிளாட் கருவி. நோட்டில் சி வாசித்தால் காதில் பி ஃபிளாட் விழும். கண்டக்டர் "கான்சர்ட் பி ஃபிளாட்" என்றதும் கிளாரினெட்காரர் மனத்துக்குள் ஒரு முழு ஸ்வரம் கூட்டிச் சி போடுவார். பசூன் கான்சர்ட் கருவி, எழுதியதே ஒலிக்கும். கூட்டுவதை நிறுத்தச் சில வாரம் பிடிக்கும். வார்ம்-அப்பில் பேண்டு முழுதும் ஒன்றாக நிற்கும்போது ஒரே ஒருவர் மட்டும் ஒரு ஸ்வரம் மேலே ஒலித்தால், யாரென்று கேட்க வேண்டியதில்லை.

கீ சிக்னேச்சரில் இன்னொரு அடி. பேண்டு ஈ ஃபிளாட் மேஜரில் வாசிக்கும்போது கிளாரினெட்காரர் தன் தாளில் பார்ப்பது எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட். பசூன் தாளில் மூன்று. ஏ ஃபிளாட் மேஜர் என்றால் கிளாரினெட்டுக்கு இரண்டு, பசூனுக்கு நான்கு. பாட்டு கடினமாகிவிட்டது என்று தோன்றும், பாட்டு அதேதான். ஆகவே சி மேஜரில் தொடங்கும் பயிற்சிப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் மூன்றையும் முதலில் விரலில் ஏற்றுங்கள். பியானோ கற்றவர்களுக்குப் பேஸ் கிளெஃப் பிரச்சினையில்லை. மற்றவர்கள் ட்ரெபிள் கிளெஃபாக நினைத்துப் படித்து இரண்டெழுத்து தள்ளிக்கொள்ளும் குறுக்குவழியைக் கண்டுபிடிப்பார்கள். ஃபிளாட்டுகள் வந்தவுடன் அந்த வழி கவிழ்க்கும். கோடுகள் ஜி, பி, டி, எஃப், ஏ. இடைவெளிகள் ஏ, சி, ஈ, ஜி. மனப்பாடம் செய்துவிடுங்கள், இரண்டு நாள் வேலை.

ட்யூனிங்கிலும் பழக்கம் மாறுகிறது. கிளாரினெட்டில் பேரலை (மவுத்பீஸுக்குக் கீழுள்ள சிறு துண்டு) இழுத்துச் சரிசெய்வோம். பசூனில் போக்கலை இழுப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, விஸ்பர் பேட் ஊசித்துளையை விட்டு நகர்ந்துவிடும், அவ்வளவுதான் மிச்சம். போக்கலையே மாற்ற வேண்டும். அதன் மேல் எண் இருக்கும்: இரண்டு என்பது நடுத்தரம், ஒன்று குட்டையானது, ஸ்வரம் ஏறும், மூன்று நீளமானது, இறங்கும். கிளாரினெட்டிலிருந்து வந்த பிள்ளை எப்போதும் ஷார்ப்பாக ஒலிக்கிறது என்று மூன்றாம் எண் போக்கலைக் கொடுப்பார்கள் சிலர். இரண்டு மாதம் கழித்துத் தாடை தளர்ந்ததும் அதே பிள்ளை ஃபிளாட்டாக ஒலிக்கும். இரண்டிலேயே விட்டுவைப்பதுதான் சரி.

முதல் வாரம் ரீட்டும் போக்கலும் மட்டும். இரண்டாம் வாரம் ஈ, டி, சி, ஒவ்வொன்றும் மெட்ரோனோம் அறுபதில் எட்டு எண்ணிக்கை. மூன்றாம் வாரம் பி, ஏ, ஜி, எஃப் என்று கீழே இறங்குங்கள். இறங்க இறங்கத் தாடை இன்னும் கீழே. நான்காம் வாரம் அந்தப் பி ஃபிளாட் ஸ்கேல். நாளுக்கு இருபது நிமிடம் போதும், உதடு நடுங்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள், களைத்த உதடு உடனே கடிக்கப் போகும். இந்த நான்கு வாரமும் கிளாரினெட்டைத் தொடாதிருப்பது நல்லது. பிறகு இரண்டையும் வாசிக்கலாம், தடையில்லை.

வேறு கருவிக்கு மாறச் சொன்னால் கதை வேறு. பேஸ் கிளாரினெட் என்றால் விரலும் கிளெஃபும் பெரும்பாலும் பழையவையே, ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும். சாக்ஸபோனில் விரல்கள் கிளாரினெட்டின் மேல் ரெஜிஸ்டரை ஒத்திருக்கும், மவுத்பீஸ் வாய்க்குள் இன்னும் கிடையாகப் போகும், பிடி தளரும். ஓபோவிலும் இரட்டை ரீட்தான், ஆனால் மூச்சு பற்றாமல் போகாது, மிஞ்சும். உள்ளே தேங்கிய பழைய மூச்சை முதலில் வெளியே விட்டுவிட்டுத்தான் புது மூச்சு எடுக்க வேண்டும்.

வாசித்து முடித்ததும்

பூட்டின் அடியில் தண்ணீர் தேங்கும். அதைச் சின்ன ஓட்டைப் பக்கமாகச் சாய்த்து ஊற்றுங்கள். மரப் பசூன்களில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் உள்ளே ரப்பர் போன்ற பூச்சு உண்டு, பெரிய ஓட்டைப் பக்கம் வெறும் மேப்பிள் மரம். தப்பான பக்கம் ஊற்றிக்கொண்டே இருந்தால் மரம் உள்ளிருந்து அழுகும். வாசிக்கும்போது திடீரென்று குளுகுளு சத்தம் வந்தால் போக்கலைக் கழற்றி அடிப்பக்கமாக ஊதினால் தீரும். விங் ஜாயிண்டின் விரல் ஓட்டையிலிருந்து வந்தால் அந்த ஓட்டையைச் சட்டென்று ஊதிவிடுங்கள்.

முழு பேண்டோடு முதல் ஒத்திகைக்குப் போகும்போது இரண்டு ரீட், தண்ணீர் டப்பா, பென்சில். எளிய பேண்டுப் பாடல்களில் பசூன் வரியையே பாரிட்டோன் சாக்ஸும் யூஃபோனியமும் வாசித்துக்கொண்டிருக்கும். தன் ஒலி தனக்கே கேட்கவில்லை என்று அவர்களோடு போட்டிபோட்டு ஊதத் தோன்றும், அங்கேதான் கடி திரும்பி வரும். வராத கீழ் ஸ்வரங்களை விட்டுவிடுங்கள், அந்த வரியில் ஆள் இருக்கிறார்கள். பாதி ஓட்டை வரும் இடங்களுக்கு மேல் பென்சிலால் சின்னப் பிறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.